நான்காம் பெட்டியின் நடுத்துண்டு

அத்தியாயம் 11

பெரியவள் தொலைபேசியில் சொன்னபோது சின்னவள் நம்பவில்லை. நேரில் பார்த்தபோது, வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

குளியலறையின் பின்சுவர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. சேறு என்றும் சொல்ல முடியாது. சளி என்று சொல்லலாம்.

"ஒன்பது நாளா இதோடதான் குடித்தனம்" என்றாள் பெரியவள். உடைந்த தட்டு ஒன்றால் அதை வாரி வாளியில் போட்டாள். அது தட்டை விட்டு இறங்க மனமில்லாமல் நீண்டு தொங்கியது.

வாடகைக்கு விட்டவர், மேல்வீட்டுச் சாக்கடையாக இருக்கும் என்று சொல்லியிருந்தார். மேலே வீடே இல்லை. மேடுதான் இருந்தது.

அந்த மேட்டைப் பற்றித்தான் பத்து வாரமாகப் பேச்சு. அடிவாரத்தில் வரிசையாக இருபத்திரண்டு வீடுகள். அதில் ஒன்றில் பெரியவள் புருஷனோடு குடிவந்து மூன்று மாதம். மேட்டின் உச்சியில் நகராட்சி தண்ணீர்த் தொட்டி கட்டப்போகிறது. மண் தாங்குமா, சரியுமா என்று சொல்ல வேண்டியது பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் நிலவியல் துறை. துறை அந்த வேலையை இறுதியாண்டு மாணவியான சின்னவளின் தலையில் கட்டியது. துளையிட வந்த நிறுவனத்தின் மூத்த டிரில்லர் அவளுடைய அப்பா. அவரே வர வேண்டும் என்று அவள் துறையில் மல்லுக்கு நின்றது போன அத்தியாயத்துக் கதை.

"மண்ணாங்கட்டி, நீ படிக்கிற படிப்புக்கு இது என்னன்னு சொல்லு" என்றாள் பெரியவள். இந்தப் படிப்பில் சேர்ந்த அன்றே அவள் தங்கைக்கு வைத்த பெயர் அது.

சின்னவள் குனிந்தாள். வாடை மூக்கில் ஏறியது. வழிசலில் ஒரு தலைமுடிச் சுருளும் சோப்புத் துணுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தன. கையை நீட்டினாள். பாதி தூரத்தில் இழுத்துக்கொண்டாள்.

"சோப்பு அழுக்குதான். எங்கேயோ குழாய் அடைச்சிருக்கு. பிளம்பரைக் கூப்பிடு."

"தொட்டுக்கூடப் பார்க்கல."

"நாலு மணிக்கு அறிக்கை கொடுக்கணும்க்கா."

"மண்ணைக் கடிச்சுப் பார்க்கிறவளுக்கு இன்னைக்கு என்ன வந்தது?"

"அது சுத்தமான மண்" என்றாள் சின்னவள்.

வெளியே வரும்போது படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்த அத்தான் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது நாளாகத் தூறல். அவள் குழாயடியில் கையைக் கழுவினாள். எதையும் தொடாத கையை.

*

துறையின் பின்னால் தகரக் கூரை போட்ட கிடங்கு. துளையிலிருந்து எடுத்த கோர்கள் அங்கே மரப்பெட்டிகளில் கிடந்தன. பெட்டிக்கு ஐந்து வரிசை, வரிசைக்கு ஒரு மீட்டர். கைப்பிடி கனத்தில் மண்ணும் பாறையும் உருளை உருளையாக, எந்த ஆழத்தில் இருந்தனவோ அந்த வரிசையில். பெட்டியைப் பார்த்தால் மேட்டை அறுத்துப் பார்த்ததுபோல.

எதுவும் கிடைக்காத ஆழத்தில் இடத்தைக் காலியாக விட்டு ஒரு மரக்கட்டையை வைக்க வேண்டும். இந்தத் துளையின் பெட்டிகளில் மரக்கட்டையே இல்லை. நூற்றுக்கு நூறு. இளநிலை மாணவர்களை அழைத்துவந்து காட்டினார் பேராசிரியர். கோர் எடுப்பதென்றால் இப்படி எடுக்க வேண்டும் என்றார். அன்று சின்னவள் ஒரு அங்குலம் வளர்ந்திருந்தாள்.

அறிக்கைக்குப் புகைப்படம் எடுப்பது மட்டும் பாக்கி. நிறம் தெளிவாகத் தெரிவதற்காகத் தண்ணீர் தெளித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காம் பெட்டியில் கை நின்றது.

எல்லாத் துண்டுகளிலும் தண்ணீர் முத்து முத்தாக மேலே நின்றது. பதினாறு மீட்டர் வரிசையின் நடுத்துண்டில் நிற்கவில்லை. அது குடித்துவிட்டது.

மறுபடி தெளித்தாள். மறுபடி குடித்தது.

களிமண்ணையும் வண்டலையும் பிரித்தறிய இந்தத் தொழிலில் எளிய வழி ஒன்று உண்டு. பட்டாணி அளவு கிள்ளி முன்பல்லில் வைக்க வேண்டும். வண்டல் நறநறக்கும். களிமண் வெண்ணெய்போல் போய்விடும். முதலாண்டில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். சின்னவள் சுளித்ததில்லை.

கிள்ளினாள். கடித்தாள்.

நறநறக்கவும் இல்லை, வெண்ணெய்போலப் போகவும் இல்லை. ஏதோ மெல்லிசாக, தகடுபோல, பல்லிடுக்கில் நொறுங்கியது. பின்னால் ஒரு கசப்பு வந்தது. பழகிய கசப்பு. அவள் அதை இரண்டாவது முறையும் மென்றாள். அந்த இரண்டாவது மெல்லலை நினைத்து நினைத்து அன்று முழுவதும் குமட்டப்போகிறது.

உள்ளங்கையில் துப்பி, கைலென்ஸை வைத்துப் பார்த்தாள். முட்டை ஓடு. டீத்தூள் சக்கை. சக்கையோடு பின்னிக்கொண்டு வெள்ளையாக ஒரு மயிர்.

டீத்தூள் சக்கையையும் முட்டை ஓட்டையும் பொடித்துக் கொல்லையில் ரோஜாச் செடிக்குப் போடுகிற ஒரே ஆளை அவளுக்குத் தெரியும். அம்மா. அந்த மூலையில்தான் கிழவன் காலைத் தூக்குவான். கிழவன் என்பது வீட்டு நாயின் பெயர். வெள்ளை நிறம். பன்னிரண்டு வருடமாக அவனுக்கு வேறு மூலை கிடையாது.

குழாய்க்கு ஓடினாள். வாயைக் கொப்பளித்தாள், நாக்கைக் கைக்குட்டையால் தேய்த்தாள், மறுபடி கொப்பளித்தாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து துண்டை வெளிச்சத்தில் புரட்டினாள். அழகான வேலை. குழாயில் அடைத்துத் தள்ளி, ஈர விரலால் மெழுகியிருந்தது. ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தடம். நகம் பதிந்திருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

அப்பாவின் வலது கட்டைவிரலில் நகம் இல்லை. குழாய் திருகும் செயின் ரென்ச் கொண்டுபோய்ப் பத்து வருடம் ஆகிறது.

துளை முடிந்த அன்று மழை. கிடங்கு பூட்டியிருந்தது. பெட்டிகள் நனையாமல் இருக்க வீட்டுக் கார் கொட்டகையில் வைத்து, மறுநாள் அப்பாவே கொண்டுவந்து இறக்கினார். ஒரு துண்டும் அசையவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அவள் லாக் தாளை விரித்தாள். ஆழம் ஆழமாக மண்ணை எழுதிவைக்கும் தாள். அவளுடைய கையெழுத்துதான். 'பதினைந்து முதல் பதினெட்டு மீட்டர்: பழுப்புக் களிமண். இறுகியது. இடைவெளி இல்லை.'

மற்ற பெட்டிகளில் மீட்டருக்கு ஒரு முறை கடித்திருந்தாள். நான்காவதற்கு வந்தபோது அன்று களைத்துவிட்டது. பார்த்தால் போதாதா என்று விட்டுவிட்டாள். அப்பா எடுத்த கோர்தானே.

அந்த வரியைப் பார்க்கப் பார்க்க, வாயில் இருந்ததைவிட அதுதான் அசிங்கமாக இருந்தது.

*

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் பாறை. எதற்கும் அசையமாட்டார் என்பதால். அறையில் வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். ஓடு உதிர்ந்தது சின்னவளுடைய அறிக்கையின் அட்டைமேல்.

சின்னவள் ஓட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். நான்காம் பெட்டியில் ஒரு துண்டு சந்தேகமாக இருக்கிறது என்றாள். அந்த ஆழத்து மண் இல்லை என்று நினைக்கிறாள். தொண்ணூறு சென்டிமீட்டர். யார் வைத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பாறை முட்டையில் உப்பைத் தூவினார். மேலே என்ன மண் என்று கேட்டார். களிமண். கீழே? களிமண்.

"அப்ப நடுவுலயும் களிமண்ணாத்தான் இருக்கும்."

"இல்லாமலும் இருக்கலாம் மேடம்."

"நாப்பது மீட்டர் துளையில தொண்ணூறு சென்டிமீட்டர். இதுக்காகத் திரும்பத் துளை போடணும்னு நகராட்சி எஞ்சினியர்கிட்ட யார் போய்ச் சொல்றது? நானா?" முட்டையில் பாதி வாய்க்குள் போனது. "கையெழுத்துப் போட்டுக் கொண்டா. நாலு மணி."

மஞ்சள் கரு பல்லில் ஒட்டியிருக்க அவர் சிரித்தார். அன்பான சிரிப்புதான். அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் தானும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்போம் என்பது அதைவிடத் தாங்க முடியவில்லை.

கிடங்குக்குப் போய் அந்தத் துண்டைச் செய்தித்தாளில் சுற்றினாள். லாக்கையும் அறிக்கையையும் எடுத்துக்கொண்டாள். பேருந்து ஏறினாள். பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்து நகர்ந்து உட்கார்ந்தார். வாடை பையிலிருந்தா, தன் வாயிலிருந்தா என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

நிறுவனத்தின் யார்டில் அப்பா ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்து துளையிடும் ராடுகளை டீசலில் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடம் துளையிடும் ரிக்கின் பக்கத்தில் நின்றதில் வலது காது போய்விட்டது. அவள் இடது பக்கமாகப் போய் நின்றாள்.

"என்ன, அறிக்கை கொடுத்தாச்சா? பார்ட்டி எப்போ?"

அவள் செய்தித்தாளைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். ஒரு முனையில் அவளுடைய பல் பதிந்திருந்தது.

"கடிச்சுப் பாருங்கப்பா."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மண்ணைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார். கிள்ளினார். வாயில் வைத்து, ஏதோ சடங்குபோல, நிதானமாக மென்றார்.

"டீத்தூள்" என்றார்.

"முட்டை ஓடு இருக்கு. கிழவனோட மயிரும் இருக்கு. வேற என்னென்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் துப்பவில்லை. விழுங்கிவிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு தரையைப் பார்த்தபடியே பேசினார். பெட்டியில் காலியிடம் இருந்தால் டிரில்லரைத்தான் கேட்பார்கள். தண்ணீரை அதிகமாக விட்டுக் கரைத்துவிட்டான், இயந்திரத்தின் சத்தம் மாறியது இவன் காதில் விழவில்லை, கிழடு தட்டிவிட்டது என்பார்கள். காது போன விஷயம் வெளியே தெரிந்தால் ரிக்கில் நிற்க விடமாட்டார்கள். இத்தனை வருடத்தில் அவர் பெட்டியில் ஓட்டை இருந்ததில்லை. இந்தப் பெட்டியில் மகளுடைய பெயரும் இருந்தது.

"உன் பேரு போட்ட பெட்டி. அதுல ஓட்டை இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன்."

"அதனால நாய் மூத்திர மண்ணை வச்சு அடைச்சீங்க."

"கலர் ஒத்துப்போச்சு" என்றார் அவர், மெதுவாக.

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். அவளுக்கு வரவில்லை. சின்ன வயதில் அவர் விரல் பட்ட சோற்றைத்தான் வாங்கித் தின்பேன் என்று அடம்பிடித்தவள் அவள். இப்போது அந்த விரலைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"அந்த இடத்துல என்ன ஆச்சு? இயந்திரம் என்ன பண்ணிச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

"ராடு தானா இறங்குச்சு."

"எவ்வளவு?"

"முக்கால் மீட்டருக்கு மேல. அழுத்தவே இல்ல. வெண்ணெய்க்குள்ள கத்தி போற மாதிரி போச்சு. அதுவும் காதுல விழல. கைப்பிடியிலதான் தெரிஞ்சது."

சின்னவள் பையிலிருந்து லாக்கை எடுத்தாள்.

"அப்பா, அது உங்க தப்பு இல்ல. அங்க ஒண்ணும் இல்லங்கிறதுதான் விஷயம். கீழயும் மேலயும் களிமண் இறுகிக் கிடக்குது, நடுவுல ஒரு மீட்டர் காலி. மேடு அந்த இடத்துல பிளவு விட்டுக்கிட்டு இருக்கு. அதைக் கண்டுபிடிக்கத்தான் துளையே போட்டோம். நீங்க கண்டுபிடிச்சீங்க. கண்டுபிடிச்சதை மூடி மெழுகிட்டீங்க."

அவர் அந்தத் துண்டை மறுபடி செய்தித்தாளில் சுற்றினார்.

அவள் லாக்கை முழங்காலில் வைத்தாள். லாக்கில் எதையும் அழிக்கக் கூடாது. பழையது படிக்கும்படியாக ஒரே கோடுதான் போட வேண்டும். தன் வரிமேல் ஒரு கோடு போட்டாள். கீழே எழுதினாள். 'பதினாறு புள்ளி பூஜ்யம் ஐந்து முதல் பதினாறு புள்ளி தொண்ணூற்றைந்து வரை: கோர் இல்லை. ராடு தானாக இறங்கியது. பெட்டியில் இருந்த துண்டு வேறு இடத்து மண்.' கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் டிரில்லருக்கு ஒரு கட்டம் இருந்தது.

பேனாவை நீட்டினாள்.

"போட்டா நாளைலேருந்து நான் வீட்டுலதான்" என்றார் அப்பா.

"தெரியும்."

நகமில்லாத விரல் பேனாவைப் பிடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. கையெழுத்தில் டீசல் கறை படிந்தது.

அவள் பக்கத்தைப் படம் எடுத்தாள். பாறைக்கு அனுப்பினாள். ஒரு கணம் யோசித்து, அறிக்கை அட்டையில் இருந்த நகராட்சி எஞ்சினியரின் எண்ணுக்கும் அனுப்பினாள். மூன்று மணி இருபத்தெட்டு நிமிடம். பதில் இல்லை.

தூறல் கனத்தது. அப்பா துணியை உதறி மடித்தார். இன்னொன்றும் இருக்கிறது என்றார். எழுத வேண்டுமானால் அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

"ராடு இறங்கினதுக்கு அப்புறம் தண்ணி மேல வரல. துளைச் சுவர் இடியாம இருக்கப் பெண்டனைட் கரைச்சு விடுவோம்ல, அது. மூணு டிரம் ஊத்தினேன். எங்க போச்சுன்னே தெரியல. ஒரு சொட்டு திரும்பல."

பெண்டனைட் என்பது ஒரு களித்தூள். தண்ணீரில் கரைத்தால் வழவழவென்று ஆகும். பாடத்தில் படித்திருக்கிறாள். ஆய்வகத்தில் கையால் கரைத்தும் இருக்கிறாள்.

"என்னைக்கு?"

"துளை முடியறதுக்கு முந்தின நாள். இன்னைக்கு என்ன கிழமை? ஒன்பது, பத்து நாள் இருக்கும்."

"என்ன கலர்ப்பா அது?"

"சாம்பல்" என்றார் அப்பா. "மூக்குச் சளி மாதிரி இருக்கும்."

அவள் கை பைக்குள் தொலைபேசியைத் தேடியது. டீத்தூளும் நாய்மயிரும் கலந்த மண்ணை இரண்டு முறை மென்றவள். காலையில் அக்காவின் குளியலறையில், தொட வேண்டிய ஒன்றைத் தொடாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்தவள்.

பெரியவள் நல்ல மனநிலையில் இருந்தாள்.

"சொல்லுடி மண்ணாங்கட்டி. பாஸா பெயிலா?"

"அக்கா, அது இன்னும் வருதா?"

"எது? அந்தச் சனியனா? நின்னே போச்சு. நீ சொன்ன மாதிரி பிளம்பரைக் கூப்பிட்டேன். அரை மூட்டை சிமெண்டைக் குழைச்சு அடைச்சுட்டுப் போனான். மதியத்துலேருந்து ஒரு சொட்டு இல்ல. தரை பளபளன்னு கிடக்குது. உன் படிப்புக்கு இன்னைக்குத்தான் ஒரு மரியாதை."

மேட்டுக்குள்ளிருந்து வெளியே வழி கிடைத்திருந்த தண்ணீருக்கு இப்போது வழியில்லை. மேலே மூன்று நாள் மழை.

"குளியலறையை இப்ப பார்த்தியா?"

"எதுக்கு?" நடக்கும் சத்தம் கேட்டது. "கதவு இறுக்கிப் பிடிக்குது. மழைக்கு ஊதிடுச்சு போல."

"தள்ளாத."

"தள்ளிட்டேன்." அக்காவின் குரலில் இப்போது கேலி இல்லை. "ஏய். டைல்ஸ் நாலஞ்சு தெறிச்சுக் கிடக்குது. சுவரு வயிறு முட்டத் தின்னவன் மாதிரி முன்னால தள்ளிக்கிட்டு நிக்குது."

"வெளிய வா. அத்தானை எழுப்பு. செருப்பு கூட வேண்டாம். வர்ற வழியில எல்லா வீட்டுக் கதவையும் தட்டு."

"பிளம்பர் சத்தத்துல எழுந்தவரு, இப்பதான்டி மறுபடி கண்ணை மூடினாரு."

"எழுப்புக்கா."

அப்பாவுக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. தொலைபேசி அவருடைய வலது காதுப் பக்கம் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது. எழுந்து லாரியை நோக்கி ஓடினார். ராடுகள் சரிந்து உருண்டன.

தொலைபேசியில் பெரியவள் புருஷனைக் கூப்பிட்டாள். ஒரு முறை. இரண்டு முறை. படுக்கையறைக் கைப்பிடியைத் திருகும் சத்தம். தோளால் இடிக்கும் சத்தம்.

"இந்தக் கதவும் இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு, திறக்கலடி" என்றாள்.